குறையே இல்லாத குடியிருப்பு, ஆனால் வடகம் காயப்போடக் கூடாது

வேப்பமரத்தடி (வடவள்ளி) · ஞாயிறு காலை 9.40

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மருதமலைப் பக்கம் எங்கள் குடியிருப்பு, 140 வில்லா. சிறுவாணித் தண்ணீர் வருகிறது, வராத நாளில் போர்வெல் தண்ணீர். குப்பை காலை ஏழு மணிக்குள் போய்விடும். தெருநாய் இல்லை, ஃப்ளெக்ஸ் இல்லை, மைக் செட் இல்லை. ராத்திரி பத்து மணிக்குக்கூடப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டலாம். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் "சொர்க்கமாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

போன வாரம் வாட்ஸ்அப் குழுவில் சங்கத்தின் சுற்றறிக்கை வந்தது. எல்லா வீட்டு முகப்புக்கும் ஒரே தந்த நிறம். வாசல் கோலம் வேண்டுமென்றால் சங்கம் தரும் ஸ்டிக்கர், எல்லோருக்கும் ஒரே அளவு. துணி வெளியே தெரியக் கூடாது. வீட்டு முன்னால் இருக்கும் வேம்பு, முருங்கையை எடுத்துவிட்டு ஆளுக்கு இரண்டு அலங்காரப் பனை. கடைசி வரி: மொட்டை மாடியில் மிளகாய், வத்தல், வடகம் காயவைத்தால் முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை 500 ரூபாய்.

அந்தக் கடைசி வரி என் அம்மாவுக்காகவே எழுதப்பட்டது. மாசி பிறந்தால் மாடியில் அப்பாவின் பழைய வேட்டியை விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, கூழ் வடகம் பிழிகிறவர் 140 வீட்டிலும் அவர் ஒருவர்தான். காக்காய்க்குப் பயம் காட்ட ஒரு குச்சியில் கறுப்புத் துணி. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ கொடி ஏற்றிய மாதிரி இருக்கும். அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

சண்டை இல்லை, அழுக்கு இல்லை, பயம் இல்லை. பதிலுக்கு எல்லோரும் ஒரே மாதிரி இருந்துகொள்ளுங்கள் என்றால், அது மோசமான பேரமா? செயலாளரிடம் கேட்டேன். "ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க" என்றார். அவர் சொல்வதும் பொய்யில்லை. நாலு வருடத்துக்கு முன் ஒரு வீட்டில் தகரக் கூரை போட்டு, அதைப் பார்த்து ஆறு வீட்டில் போட்டு, மழை பெய்தால் தெருவே தகரமாக அதிர்ந்தது. அதைக் கழற்ற வைத்ததும் இதே சங்கம்தான், அன்றைக்குக் கைதட்டியவன் நான். எனக்கே குழப்பமாக இருக்கிறது, உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்.

முட்டைக்கணக்கு (நாமக்கல்) · ஞாயிறு காலை 10.15

எப்படியும் இந்த இழையில் யாராவது "பண்ணைக்கோழி வாழ்க்கை" என்று எழுதத்தான் போகிறீர்கள். பண்ணை வைத்திருக்கிறவன் நானே முந்திக்கொள்கிறேன்.

என் ஷெட்டில் கோழிக்குக் கீரி பயம் இல்லை, பருந்து பயம் இல்லை. தீவனம் நேரத்துக்கு, நிப்பிளில் தண்ணீர், பகல் வெளிச்சமும் பல்புமாகச் சேர்த்து தினம் 16 மணி நேர வெளிச்சம். அதனால்தான் நாட்டுக்கோழி வருடத்துக்கு 60, 70 முட்டை வைக்கிற இடத்தில் இது 300-ஐத் தாண்டுகிறது. எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே எடை, ஒரே வயது. பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் குஞ்சிலேயே மூக்கு வெட்டிவிடுவோம். வெட்டாவிட்டால் கூண்டுக்குள் ஒன்றை ஒன்று கொத்திக் கொன்றுவிடும். வெளியில் மேய்கிற கோழியும் கொத்தும், ஆனால் கொத்துப்பட்டது ஓடிப்போய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொள்ளும். இங்கே ஓட இடமில்லை. உங்கள் சங்கத்தைக் குறை சொல்லவில்லைங்க, தொழில் விஷயம் ஞாபகம் வந்தது, சொன்னேன்.

கட்ஆஃப்_198 (சென்னை, சொந்த ஊர் ராசிபுரம்) · ஞாயிறு காலை 10.50

அண்ணா, அந்தக் கோழிப் பேரையே வைத்து "பிராய்லர் பள்ளி" என்று சொல்வார்களே, அதில் இரண்டு வருடம் இருந்தவன் நான். முட்டைக் கோழிக்கும் பிராய்லருக்கும் வித்தியாசம் உண்டு என்று நீங்கள் சொல்வீர்கள், விடுங்கள். காலை 4.45-க்கு மணி. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டிய தலை. 11-ஆம் வகுப்புப் புத்தகத்தை இரண்டு மாதம் பேருக்குப் புரட்டிவிட்டு, மிச்ச 22 மாதமும் 12-ஆம் வகுப்புப் பாடம்தான். 2017-ல் அரசு மாநில முதலிடம் அறிவிப்பதை நிறுத்தியதும், 2017-18-ல் 11-க்கும் பொதுத்தேர்வு வைத்ததும் ஏன் என்று நினைக்கிறீர்கள்? எங்களை மாதிரி ஆட்களால்தான்.

எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எங்கள் அப்பா லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். அந்தக் கூண்டு இல்லை என்றால் நான் இன்றைக்கு இந்தச் சுதந்திரத்தைப் பற்றிக் கணினியில் தட்டிக்கொண்டு இருக்க மாட்டேன். கல்லூரிக்குப் போன முதல் வாரம் மெஸ்ஸில் "என்ன வேணும்?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. பின்னால் நின்றவன் வாங்கியதையே வாங்கிக்கொண்டேன். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எடை போட்டுக்கொள்ளுங்கள்.

ஜூரோங்_பழனிசாமி_இல்லை (சிங்கப்பூர், சொந்த ஊர் தாராபுரம்) · ஞாயிறு பகல் 12.05

ஒழுங்கு என்றால் சிங்கப்பூர் என்பார்கள். 1992-லிருந்து சூயிங்கம் விற்க முடியாது. 2004-ல் மருந்து வகைக்கு மட்டும் விலக்கு. அரசு கட்டிய அடுக்குமாடிகளில் ஒரு பிளாக்கில் எந்த இனத்தார் எத்தனை சதவீதம் இருக்கலாம் என்பதற்கும் 1989-லிருந்து கணக்கு உண்டு. வீட்டை விற்கப் போனால் அந்தக் கணக்கு உங்களைத் தடுக்கும். சீனர் தனியாக, மலாய்க்காரர் தனியாக, நம்மவர் தனியாக ஒதுங்கிவிடக் கூடாது என்பதற்காக அரசு போட்ட கட்டாயம்.

ஆனால் அதே அடுக்குமாடியில் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழி செருக அரசே குழாய் வைத்துக் கொடுத்தது. பதினெட்டாவது மாடியில் சட்டையும் லுங்கியும் கொடி மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். இவ்வளவு கண்டிப்பான ஊரே துணி காயவைப்பதைக் குற்றமாகப் பார்க்கவில்லை. உங்கள் சங்கம் சிங்கப்பூரையும் மிஞ்சிவிட்டது என்று செயலாளரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

ஓய்வுச்_சாக்பீஸ் (பெருந்துறை) · ஞாயிறு பகல் 2.30

தம்பிகளா, ஒரே மாதிரி இருப்பதை இவ்வளவு சுலபமாகத் திட்டிவிடாதீர்கள். நான் 1984-ல் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். நாலாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. வாய்ப்பாடு கேட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே கடகடவென்று சொல்லும். கரும்பலகைக்கு வந்து கணக்குப் போடு என்றால் வராது. எத்தனை அதட்டினாலும் வராது. பிடிவாதம் என்று நினைத்து ஒரு நாள் கையில் அடித்துவிட்டேன்.

அடுத்த வருடம் இலவசச் சீருடை வந்தது. தைத்துக் கொடுத்த வாரத்திலேயே அந்தப் பிள்ளை தானாக எழுந்து பலகைக்கு வந்து நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: பழைய சட்டைக்கு முதுகில் கொக்கி கிடையாது, இரண்டு ஊக்குதான். பலகையில் எழுத வேண்டுமானால் வகுப்புக்கு முதுகைக் காட்ட வேண்டுமே.

காமராசர் 1956-ல் மதிய உணவு கொண்டுவந்ததும் எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக்கியதும் இதே கதைதான். ஒரே சோறு, ஒரே தட்டு. யார் வீட்டில் அடுப்பு எரிந்தது, யார் வீட்டில் எரியவில்லை என்று மத்தியானம் ஒரு மணிக்கு யாருக்கும் தெரியாது. "தனித்தன்மை" என்று நீங்கள் சொல்வது பல பிள்ளைகளுக்கு முதுகில் இருந்த அந்த ஊக்குதான்.

கிழக்கு_ரதவீதி (ஈரோடு) · ஞாயிறு மாலை 4.10

ஐயா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். எங்கள் ஊர்க்காரர் பெரியாரும் தன் பெயருக்குப் பின்னால் இருந்ததை எடுத்துவிட்டார். இன்றைக்கு மற்ற மாநிலத்துக்காரர் நம்மிடம் "சர்நேம் என்ன?" என்று கேட்டால் அப்பா பேரைச் சொல்லி முழிக்கிறோமே, அந்த வெற்றிடமும் ஒரு சீருடைதான். யாரும் அபராதம் போட்டு வாங்கியது இல்லை. (அந்த வெற்றிடத்தைக் கார் பின்கண்ணாடியில் ஸ்டிக்கராக ஒட்டி நிரப்பிக்கொள்கிற கூட்டம் நம் பக்கம்தான் அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

முட்டைக்கணக்கு (நாமக்கல்) · ஞாயிறு மாலை 4.32

சீருடையே போதுமென்றால் 2018-ல் அவிநாசி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அம்மாவைச் சாதியைச் சொல்லித் தடுத்தது ஏன்? பிள்ளைகள் எல்லாம் ஒரே சட்டையில்தான் இருந்தார்கள். தட்டும் ஒரே தட்டுதான். கரண்டி பிடித்த கையைத்தான் பார்த்தார்கள்.

மட்டுறுத்துநர் · ஞாயிறு மாலை 6.00

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. எந்தச் சாதி எந்த ஊரில் எத்தனை பேர் என்பது இந்த இழைக்குத் தேவையில்லை. இனி விஷயத்தோடு பேசுங்கள்.

பேப்பர்_தின்னி (கோபி) · ஞாயிறு இரவு 8.20

குறையில்லாத சமுதாயம் கட்டுகிறேன் என்று கிளம்பியவர்கள் கொஞ்ச நஞ்சமில்லை. பழைய கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவில் ஏழு வயதில் பையனை வீட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். பொதுப் பந்தி, ஒரே சாப்பாடு. குடிமகன்கள் தங்களை "சமமானவர்கள்" என்றே அழைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குச் சோறு விளைவித்தது ஹெலட் எனப்பட்ட அடிமைகள், எண்ணிக்கையில் பல மடங்கு அதிகம். ஒரு சுவாரஸ்யம்: பொதுப் பந்திக்குத் தன் பங்கைக் கொடுக்க முடியாதவனின் குடியுரிமை போய்விடும். மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தவன் மாதிரி. கி.மு. 480 வாக்கில் எட்டாயிரம் பேர் இருந்தார்கள் என்று அந்தக் காலத்து கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். அரிஸ்டாட்டில் காலத்துக்குள் ஆயிரம்கூடத் தேறவில்லை. சமமானவர்கள் தேய்ந்துகொண்டே போனார்கள்.

கம்போடியா, 1975 முதல் 1979 வரை. எல்லோருக்கும் கறுப்புச் சட்டை, காசு ஒழிப்பு, பொதுச் சமையல். வீட்டில் தனி அடுப்பு மூட்டக் கூடாது. பசிக்காகத் தானாகத் தேடித் தின்பதுகூடக் குற்றம். பதினைந்திலிருந்து இருபது லட்சம் பேர் செத்தார்கள். இதைச் சொன்னால் "வடகத்துக்கும் அதற்கும் என்னய்யா சம்பந்தம்?" என்பீர்கள். சம்பந்தம் இல்லைதான்.

எனக்கு அதைவிட இஸ்ரேலின் கிப்புட்ஸ் (எல்லாம் பொது என்று வாழ்கிற கூட்டுக் குடியிருப்பு) கதைதான் பொருத்தமாகப் படுகிறது. அங்கே யாரும் துப்பாக்கி காட்டிச் சேர்க்கவில்லை, விரும்பித்தான் சேர்ந்தார்கள். முதலாவது டெகானியா, 1910. நிலம் பொது, சாப்பாட்டுக்கூடம் பொது, பல இடங்களில் துணியும் பொது. பிள்ளைகள் ராத்திரி அப்பா அம்மாவோடு படுக்காமல் பிள்ளைகள் இல்லத்தில் படுத்தார்கள். அப்புறம் ஒரு காலத்தில் அறைக்குள் சொந்தமாக ஒரு டீ கெட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று விவாதம் வந்தது. அறையிலேயே டீ போட்டால் மாலையில் கூடத்துக்கு யார் வருவார்கள்? ஒரு கெட்டிலுக்கு இவ்வளவா என்று சிரிப்போம். பயப்பட்டவர்கள் சரியாகத்தான் பயந்தார்கள். கெட்டில் வந்தது, பின்னால் ஒவ்வொன்றாக வந்தது, 1990-களுக்குள் பிள்ளைகளும் ராத்திரி வீட்டில் படுக்க வந்துவிட்டார்கள். கிப்புட்ஸ் இன்றைக்கும் இருக்கிறது, வேறு மாதிரி.

வேப்பமரத்தடி அண்ணா, உங்கள் அம்மாவின் வேட்டிதான் அந்தக் கெட்டில்.

கரணை (சத்தியமங்கலம்) · ஞாயிறு இரவு 9.05

எனக்கு ஸ்பார்ட்டா தெரியாது, கரும்பு தெரியும். கரும்பை விதை போட்டு வளர்ப்பதில்லை, கரணை வெட்டி நடுகிறோம். அதனால் ஒரு காடு முழுக்க ஒரே செடியின் நகல். நம் மாநிலத்தில் பெரும்பாலும் கோ 86032 என்ற ரகம். ஆலைக்கு வசதி, வெட்டுக்கு வசதி, எனக்கும் வசதி. வடக்கே உத்தரப்பிரதேசத்தில் கோ 0238 இப்படித்தான் பெரும்பகுதிக் காட்டைப் பிடித்து விவசாயிக்குக் காசு கொட்டியது. செவ்வழுகல் நோய் நுழைந்ததும் காடு காடாகப் போனது. ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும்.

இன்னொன்று. இந்த இரண்டு ரகமும் பிறந்தது நம் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில்தான், 1912-ல் தொடங்கியது. அங்கிருந்து முதலில் பேர் வாங்கிய கோ 205 எப்படி வந்தது தெரியுமா? நல்ல கரும்போடு கோயம்புத்தூர்ப் பக்கத்துக் காட்டு நாணலைச் சேர்த்தார்கள். வாய்க்கால் ஓரத்தில் நாம் அரிவாளால் அறுத்து எறிகிற அதே நாணல். இன்றைக்கும் உலகத்துக் கரும்பு வகைகளைக் கண்ணூரில் ஒரு பண்ணையில் சும்மா வளர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரே மாதிரி காடு வேண்டும் என்று ரகம் கொடுக்கிறவனே ஒரு மூலையில் கண்டதையும் காப்பாற்றி வைத்திருக்கிறான்.

உங்கள் வேப்பமரத்தை வெட்ட விடாதீர்கள். இது தத்துவம் இல்லை, அலங்காரப் பனை நிழல் தராது.

நூல்கண்டு (பல்லடம்) · ஞாயிறு இரவு 11.40

வழக்கமாகப் படிப்பதோடு சரி, எழுத மாட்டேன். இன்றைக்கு எழுதத் தோன்றுகிறது.

எனக்கு 17 வயதில் ஒரு நூற்பாலை விடுதியில் சேர்த்துவிட்டார்கள். மூன்று வருடம் முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று பேச்சு. எங்கள் பக்கத்தில் இதற்குச் சுமங்கலித் திட்டம் என்றே பேர். எல்லோருக்கும் ஒரே பச்சை ஓவர்கோட், ஒரே தொப்பி. ரிங் பிரேமில் (நூல் நூற்கிற இயந்திரம்) அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு போன், வார்டன் பக்கத்திலேயே நிற்பார். கேட்டைத் தாண்ட முடியாது.

நீங்கள் எல்லாம் "சுதந்திரம் போச்சே" என்று படிப்பீர்கள். உண்மையைச் சொன்னால், முதல் ஆறு மாதம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் ஊரில் நான் என்ன சுதந்திரமாக இருந்தேன்? கடைக்குப் போனாலே யாரோடு பேசினாய் என்று மூன்று பேர் கேட்பார்கள். யாராவது ஊர்க்கட்டுப்பாட்டை மீறினால் அந்த வீட்டோடு பேசக்கூடக் கூடாது. விடுதியில் எனக்கென்று ஒரு கட்டில் இருந்தது. தலைமாட்டில் ஒரு டிரங்குப் பெட்டி, சாவி என் கழுத்தில். அதுவரைக்கும் எனக்கென்று பூட்டிவைக்க எதுவும் இருந்ததில்லை. மூன்று வேளையும் நான் சமைக்காத சோறு.

முப்பதாவது மாதம் மூச்சுத் திணறல் வந்தது, பஞ்சுத் தூசி. போகிறேன் என்றேன். போகலாம், ஆனால் மொத்தப் பணம் கிடையாது என்றார்கள். முப்பது மாதமாக அந்தக் கேட் பூட்டியிருந்ததை நான் பெரிதாக நினைக்கவே இல்லை. அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். மிச்ச ஆறு மாதம் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஓட்டினேன்.

வேப்பமரத்தடி அண்ணா, உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் வீட்டை விற்றுவிட்டு வடவள்ளியில் வேறு வீடு வாங்கலாம். அந்த வசதி இருக்கிறவரைக்கும் உங்களுடையது பேரம். எங்களுடையதும் பேரம் என்றுதான் அவர்கள் சொன்னார்கள்.

கட்ஆஃப்_198 (சென்னை) · திங்கள் காலை 7.15

அக்கா, நேற்று நான் எழுதியதை அழித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஓய்வுச்_சாக்பீஸ் (பெருந்துறை) · திங்கள் காலை 8.00

அம்மிணி, நன்றாக எழுதினாய்.

வேப்பமரத்தடி தம்பிக்கு ஒரு கேள்வி. சுற்றறிக்கையில் வீட்டுக்காரர்களுக்குத்தான் விதிகள் இருக்கின்றன. வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கு என்ன விதி?

வேப்பமரத்தடி (வடவள்ளி) · திங்கள் காலை 9.25

ஐயா, எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவர்களுக்கும் சீருடை உண்டு. மெரூன் நிற மேலங்கி, கழுத்தில் படம் போட்ட அட்டை. இரண்டாம் கேட் வழியாகத்தான் வரவேண்டும், போகும்போது பையைத் திறந்து காட்டவேண்டும். பூங்கா பெஞ்சில் உட்காரக் கூடாது. மூன்று வருடமாக இது இருக்கிறது. பாதுகாப்பு என்று நானும் கையெழுத்துப் போட்டவன். வடகம் வந்த பிறகுதான் எனக்கு விதி என்பதே கண்ணில் பட்டிருக்கிறது.

ஓய்வுச்_சாக்பீஸ் (பெருந்துறை) · திங்கள் காலை 9.50

அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த சட்டை ஊக்கை மறைக்கக் கொடுத்தது. இந்த மேலங்கி, போட்டிருப்பவர் யாரென்று தூரத்திலிருந்தே தெரியக் கொடுத்தது. எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு காலத்தில் தனிக் குவளை வைத்திருந்தார்கள். அதுவும் சீராக, ஒரே அளவில்தான் இருக்கும்.

ஜூரோங்_பழனிசாமி_இல்லை (சிங்கப்பூர்) · திங்கள் பகல் 1.10

இங்கே ஒர்க் சைட்டில் நாங்கள் போட்டிருக்கும் ஆரஞ்சுச் சட்டையைப் பற்றி நான் நேற்று எழுதவில்லை. மூங்கில் கழியைப் பற்றி எழுதினேன். அந்த அடுக்குமாடி எனக்குச் சாலையிலிருந்து பார்க்கத் தெரிவது. நான் இருப்பது டார்மிட்டரி, ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர்.

வேப்பமரத்தடி (வடவள்ளி) · அடுத்த ஞாயிறு இரவு 9.30

பலர் தனிச்செய்தியில் கேட்டதால் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் கிளப் ஹவுஸில் கூட்டம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். முகப்பு நிறத்துக்கு எதிர்ப்பே இல்லை, பெயின்ட் மொத்தமாக வாங்கினால் மலிவு என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள், நானும்தான். வேப்பமரம் தப்பியது. கரணை அண்ணா சொன்ன நிழல் பேச்சு வேலை செய்தது. அதன் கீழே கார் நிறுத்துகிற நாலு பேர் என்னைவிட அதிகமாகச் சண்டை போட்டார்கள்.

மேலங்கி, இரண்டாம் கேட் பற்றி எழுந்து கேட்டேன். "அது செக்யூரிட்டி மேட்டர், அஜெண்டாவில் இல்லை" என்றார்கள். அடுத்த கூட்டத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன், இதுவரை என்னோடு கையெழுத்துப் போட்டவர்கள் மூன்று பேர்.

வடகத்துக்கு ஒரு சமரசம். அவரவர் மாடியில் கூடாது. கிளப் ஹவுஸ் மொட்டை மாடியில் வடமேற்கு மூலையில் பத்துக்குப் பத்தடி இடம், காலை பத்திலிருந்து மூன்று வரை, பதிவேட்டில் பேர் எழுதிவிட்டுப் பயன்படுத்தலாம். கறுப்புத் துணி கூடாது.

கூட்டம் முடிந்ததும் அம்மா என்னோடு வந்து அந்த இடத்தைப் பார்த்தார். தரையைக் கையால் தொட்டுப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மணி கேட்டார். ஒன்றரை என்றேன். தண்ணீர்த் தொட்டியின் நிழல் அந்தப் பத்தடியில் பாதிக்கு மேல் விழுந்திருந்தது.

"இங்க பூசனந்தான் புடிக்கும் கண்ணு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.